பதினொன்றரை மணிப் பூசணி

சாம்பல் பூசணியின் பூ பொழுது கிளம்பும் முன்பே திறந்துவிடும். ஏழு மணிக்கு முழுதாக விரிந்திருக்கும். ஒன்பதரைக்கு இதழ்கள் தொய்யத் தொடங்கும். பத்தரைக்கு நனைந்த குடையை மடக்கி வைத்ததுபோலச் சுருங்கிக்கொள்ளும். மறுநாள் அது திறப்பதில்லை. ஒரு பூவுக்கு ஒரு காலை மட்டும்தான் கொடுக்கப்பட்டிருக்கிறது.

சேந்தமங்கலத்தில் இருந்த பூச்சி நல மையம் காலை பத்து மணிக்குத் திறக்கும். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, டீ குடித்து, ஜீப்பைக் கிளப்ப இருபது நிமிடம். அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவுகள். மலைமேல் சிற்றூர்களின் தொகுப்பான அரியூர் நாட்டில் போய் நிற்கும்போது பதினொன்றரை.

பூ மூடுவதற்கும் ஜீப் வருவதற்கும் இடையில் ஒரு மணி நேரம் இருந்தது. 2002ஆம் ஆண்டு ஆவணி மாதம் அரியூர் நாட்டு விவசாயி சென்றாயன் அந்த ஒரு மணி நேரத்தில்தான் மாட்டிக்கொண்டார்.

சென்றாயனுக்கு இரண்டு நிலம். ரோட்டோரம் மேட்டில் ஒரு துண்டு. அதில் கேழ்வரகு போட்டு, வரப்பை ஒட்டி நாலு வரிசை கடுகு தூவியிருந்தார். இன்னொன்று கீழே பள்ளத்தில் ஒரு ஏக்கர், இறங்கிப் போகக் கால் மணி நேரம் ஆகும். பள்ளத்து நிலத்தில் வருடாவருடம் மரவள்ளிதான். அந்த வருடம் பூசணி போட்டதற்குக் காரணம் சேந்தமங்கலம் காய்கறி வியாபாரி சிராஜுதீன்.

நாமக்கல் லாரிகளின் ஊர். ஆயுத பூஜை அன்று ஒவ்வொரு லாரிக்கும் முன்னால் ஒரு பூசணிக்காய் உடைபடும். லாரி பட்டறை, டயர் கடை, எடைமேடை என்று எல்லா வாசலிலும் உடைபடும். அத்தனை காய்க்கும் சிராஜுதீன் போன்றவர்கள் ஆனி மாதமே ஆள் பிடித்துவிடுவார்கள்.

"ஐநூறு காய் கொடுங்கண்ணே. லாரி உங்க ரோட்டுக்கே வரும். இந்த வருசம் சரியா வந்துச்சுன்னா வருசாவருசம் உங்க காய்தான்" என்றார் சிராஜுதீன்.

சென்றாயன் வாக்குக் கொடுத்துவிட்டார். அவர் மனைவி கண்ணாயிக்கு அது பிடிக்கவில்லை.

"மரவள்ளின்னா குச்சிய ஒடிச்சு நட்டாப் போதும். எந்தப் பூச்சி தயவும் வேண்டாம். பூசணி அப்படியாங்க? பூச்சி வந்து உக்காந்தாத்தான் காயி. நீங்க வாக்குக் குடுத்தீங்களே, தேனீ குடுத்துச்சா?"

"அது வருசம் பூராம் வருது. வேலிக்கால்ல நாலு பொந்துல இருக்குது."

"வரட்டும். காய் வரலீன்னா அடுத்த வருசத்துலேர்ந்து பள்ளத்துல மரவள்ளிதான். அப்பறம் பூசணின்னு பேச்சு எடுக்கக் கூடாது."

சரி என்றார். பூசணிக் கொடி நன்றாகவே படர்ந்தது. முதலில் ஆண் பூ, பத்து நாள் கழித்துப் பெண் பூ. பெண் பூவை அடையாளம் காண்பது சுலபம்: பூவுக்குக் கீழே விரல் நீளத்தில் பூனை முடி போன்ற மயிருடன் ஒரு பிஞ்சு இருக்கும். பூ விரிந்த அன்று காலை, ஆண் பூவில் புரண்டெழுந்த ஒரு தேனீ வந்து உட்கார்ந்தால் அந்தப் பிஞ்சு காயாகும். வராவிட்டால் நாலைந்து நாளில் மஞ்சளித்து விழும். வேறு வழி கிடையாது.

பெண் பூக்கள் விரியத் தொடங்கிய அந்த வாரம்தான் பூச்சி நல மையம் அரியூர் நாட்டில் விழிப்புணர்வு முகாம் நடத்தியது.

மையத்தின் கள ஒருங்கிணைப்பாளர் மாதேஸ்வரன். வெள்ளைச் சட்டை, பையில் மூன்று பேனா. அவருடன் 'மகரந்தத் தோழர்கள்' என்ற தன்னார்வலர்கள் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். வங்கி எழுத்தர், மருந்துக் கடைக்காரர், ஓய்வுபெற்ற தபால்காரர் என்று எல்லாரும் அடிவாரத்து ஊர்க்காரர்கள். நல்ல மனிதர்கள். பூச்சிகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்பட்டார்கள். என்ன செய்ய வேண்டும் என்பதை மையம் சொல்லும் என்று நம்பியது மட்டும்தான் அவர்கள் குறை.

முகாமின் சிறப்பு, தேனீ வேடம். பள்ளி ஆசிரியர் மணிவண்ணன் மஞ்சளும் கறுப்புமாகத் தைத்த உடுப்பில் வந்து நின்றார். கழுவிய எக்ஸ்ரே படங்களில் இறக்கை. பஞ்சடைத்த காலுறைகளில் கால்கள். இடது பக்க இறக்கையில் யாருடைய விலா எலும்போ லேசாகத் தெரிந்தது. மக்கள் ஆர்வமாகப் பார்த்தார்கள். சென்றாயன் கால்களை எண்ணினார்.

"ஐயா, எட்டுக் கால் இருக்குதுங்க."

"ஆமாம்" என்றார் மாதேஸ்வரன்.

"தேனீக்கு ஆறுதானுங்க. எட்டுன்னா எட்டுக்கால் பூச்சிங்க."

மாதேஸ்வரன் கோபப்படவில்லை. பொறுமையாக விளக்கினார். "மேலிடத்திலிருந்து வந்த படத்தில் எட்டு. அதை வைத்துத்தான் துணி வாங்க ஒப்புதல். ஆறு கால் மட்டும் தைத்தால் இரண்டு காலுக்கான துணி எங்கே என்று தணிக்கையில் கேட்பார்கள். நான் என்ன பதில் சொல்வது? தேனீக்கு அந்தக் காலே இல்லை என்றா?"

சென்றாயன் உட்கார்ந்துவிட்டார். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் மாதேஸ்வரன் பேச்சை முடிக்கும்போது, "உங்களில் யார் வயலுக்காவது இன்னமும் பூச்சிகள் வருகின்றனவா?" என்று கேட்டார். கூட்டத்தில் ஒரே ஒரு கை மேலே போனது.

கூட்டம் முடிந்ததும் கண்ணாயி சொன்னாள்: "ஊர்ல எல்லாத்துக்குந்தான் பூச்சி வருது. கை தூக்குனது நீங்க ஒருத்தரு."

மறுநாள் பதினொன்றரைக்கு ஜீப் வந்தது. மாதேஸ்வரனும் தோழர்களும் பள்ளத்துக்கு இறங்கினார்கள். படிவம் நான்கு என்று ஒன்று இருந்தது. அது மிக எளிமையானது: ஒரு பூவின் முன்னால் பதினைந்து நிமிடம் நின்று, வந்த பூச்சிகளை எண்ணி எழுத வேண்டும். பன்னிரண்டு பேர் பன்னிரண்டு பூவின் முன்னால் நின்றார்கள். பன்னிரண்டு பூவும் மூடியிருந்தன. பதினைந்து நிமிடம் கழித்துப் பன்னிரண்டு பூஜ்ஜியங்கள் எழுதப்பட்டன.

மாதேஸ்வரன் தொப்பியைக் கழற்றினார். "நினைத்ததைவிட மோசம்."

"ஐயா, பூ மூடிக்கிச்சுங்க. நேரமே வாங்க. ஆறரைக்கு வந்தீங்கன்னா மொய்ச்சுக் கெடக்கும்" என்றார் சென்றாயன்.

"பத்து மணிக்கு முன்னால் நான் பணியில் இல்லை, சென்றாயன். பணியில் இல்லாத நேரத்தில் நான் பார்ப்பது என் சொந்தப் பார்வை. அதைப் படிவத்தில் எழுத முடியாது."

"அப்ப நாங்க பார்த்து எழுதிக் குடுக்கட்டுங்களா?"

"நீங்கள் பயனாளி. பயனாளியே எப்படிச் சாட்சி ஆவது?"

"முந்தின நாள் வந்து எங்கூட்ல தங்கிக்குங்க. களி கிண்டிப் போடறமுங்க."

மாதேஸ்வரன் முகத்தில் உண்மையான கனிவு தெரிந்தது. "இரவு தங்குவதற்கு அனுமதி வேண்டும். அனுமதி வேண்டுமென்றால் அங்கீகரிக்கப்பட்ட தங்குமிடம் வேண்டும். உங்கள் வீட்டை அங்கீகரிக்க ஒருவர் வந்து ஒரு இரவு தங்கிப் பார்க்க வேண்டும். அவருக்கு அனுமதி வேண்டும்."

அந்த வாரக் கடைசியில் பள்ளத்து வயலில் பச்சை நிறப் பலகை ஒன்று முளைத்தது. 'மகரந்த வறட்சிப் பகுதி. மீட்புப் பணி நடைபெறுகிறது. அனுமதியின்றி நுழையாதீர்.'

மீட்புப் பணி எப்படி நடக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். தேனீக்கள் இல்லாத இடத்தில் தேனீக்களின் வேலையைத் தோழர்கள் செய்வார்கள். ஆளுக்கு ஒரு ஓவியத் தூரிகை. ஆண் பூவில் தடவி, பெண் பூவில் தடவுவது. இது நடக்கக்கூடிய காரியம்தான். விதைப் பண்ணைகளில் பெண்கள் தினமும் செய்கிறார்கள், விடியற்காலையில். தோழர்கள் நண்பகலில் செய்தார்கள். மூடிய பூவை விரலால் பிரித்து, உலர்ந்துபோன சூல்முடியில் உலர்ந்துபோன தூளைத் தடவினார்கள்.

அதோடு நின்றிருந்தால்கூட நஷ்டமில்லை. காலையில் தேனீக்கள் தங்கள் வேலையை முடித்துவிட்டுப் போயிருக்கும். தோழர்கள் மதியம் தடவிவிட்டுப் பெயர் வாங்கியிருப்பார்கள். ஆனால் மாதேஸ்வரன் கவனமானவர்.

"நாளை இங்கே ஒரு காய் வந்தால் அது தோழர்கள் செய்ததா, வேறு யாராவது செய்ததா என்று தணிக்கையில் கேட்பார்கள். வேறு யாரும் தொடவில்லை என்று காட்ட வேண்டும். ஆகவே உறை."

நாளை விரியப்போகும் ஒவ்வொரு பெண் மொட்டுக்கும் முந்தின நாள் மாலை ஒரு காகித உறை மாட்டி, கழுத்தில் நூல் கட்டி, எண் எழுதி, முத்திரை குத்த வேண்டும். மறுநாள் பதினொன்றரைக்கு அலுவலர் முன்னிலையில் உறையை நீக்கித் தூரிகை தடவி, உறையை மறுபடி மாட்ட வேண்டும். உறை மாட்டவும், அதுவரை வயலுக்குள் யாரும் நுழையாமல் பார்த்துக்கொள்ளவும் 'பூச்சிக் காவலர்' ஒருவர், உள்ளூர்க்காரராக.

காவலராக நியமிக்கப்பட்டவன் கண்ணாயியின் தம்பி ராசு. நான்கு வருடமாக வேலை தேடிக்கொண்டிருந்தவன். காக்கிச் சட்டையும் விசிலும் கொடுத்தார்கள். மறுநாள் காலை ஆறு மணிக்குச் சென்றாயன் வயலுக்கு வந்தபோது வரப்பில் கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் ராசு நின்றான்.

"மாமா, நில்லுங்க."

"என்னடா மாப்ள?"

"பதினொன்றரைக்கு மேலதான் உள்ள விடணும்னு சொல்லியிருக்காங்க."

"எம்பட காடுடா இது."

"காடு உங்களுதுதான் மாமா. பூவு மையத்துது. நேத்து நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க."

போட்டிருந்தார். எதற்கென்று கேட்காமல் மூன்று இடத்தில் போட்டிருந்தார்.

கயிற்றுக்கு வெளியே நின்றபடி பார்த்தார். ஆண் பூக்கள் மஞ்சள் தட்டுகள்போல விரிந்து கிடந்தன. தேனீக்கள் வந்துவிட்டன. பழைய வழக்கப்படி ஆண் பூவில் புரண்டு, உடம்பெல்லாம் மஞ்சள் பூசிக்கொண்டு, பெண் பூவைத் தேடிப் போயின. அங்கே உறை இருந்தது. ஒரு தேனீ உறையின் மேல் உட்கார்ந்து சுற்றிச் சுற்றி நடந்தது. காகிதத்தின் மேல் அதன் கால் உரசும் சத்தம் அவர் நின்ற இடம்வரை கேட்டது, அல்லது கேட்டதாக நினைத்துக்கொண்டார். உள்ளே பூ திறந்திருக்கும். இன்னும் நாலு மணி நேரம் திறந்திருக்கும். பிறகு ஒருபோதும் திறக்காது.

ஒரு நாளைக்கு முப்பது பூ.

ஆறு மணியிலிருந்து பத்தரை வரை சென்றாயன் வரப்பில் நடந்தார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி, மறுபடி இந்தக் கோடி. மறுநாளும் நடந்தார். ஐந்தாம் நாள் முதல் பிஞ்சு மஞ்சளித்தது. எட்டாம் நாள் தொட்டால் விழும் பிஞ்சுகளைப் பொறுக்கி ஒரு கூடை சேர்த்தார். வரப்பில் அவர் நடந்த இடத்தில் புல் தேய்ந்து தடம் விழுந்துவிட்டது. ராசுவுக்குப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

"உறையக் கிழிச்சுட்டா என்னடா?" என்று கண்ணாயி தம்பியிடம் கேட்டாள்.

"அக்கா, ஒவ்வொண்ணுலயும் நம்பரு இருக்குது. கிழிஞ்சா எம்பட வேலையக் கிழிச்சுருவாங்க."

பத்தாம் நாள் சென்றாயன் முதல் பஸ்ஸில் சேந்தமங்கலம் இறங்கினார். கையில் ஒரு பை. மையத்தின் வாசலில் எட்டுக்கால் தேனீ உடுப்பு கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. மாதேஸ்வரன் அவரை உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார்.

சென்றாயன் பையிலிருந்து இரண்டு பொருளை மேசைமேல் வைத்தார். ஒன்று மஞ்சளித்த பிஞ்சு. இன்னொன்று தேங்காய் அளவுக்கு வளர்ந்த பச்சைக் காய்.

"இது உறை போட்டதுங்க. இது எலைக்கு அடியில மறைஞ்சிருந்து உறைக்குத் தப்புனதுங்க. ரெண்டும் ஒரே நாள் பூவு. பாருங்க ஐயா. தேனீ வருதுங்க. உறைதானுங்க தடுக்குது."

மாதேஸ்வரன் இரண்டையும் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். சென்றாயனுக்கு நம்பிக்கை வந்தது.

"உறை போடாமல் விட்டது யார்?"

"தெரியாம விட்டுப்போச்சுங்க."

"இது விதிமீறல். ராசுவுக்கு ஒரு குறிப்பாணை அனுப்ப வேண்டும்." காயை ஓரமாக வைத்தார். "இந்தக் காய் கணக்கில் வராது. ஆனால் இந்தப் பிஞ்சு முக்கியமான சான்று. தோழர்கள் இவ்வளவு பாடுபட்டும் பிஞ்சு உதிர்கிறது என்றால் வறட்சி எவ்வளவு கடுமையாக இருக்க வேண்டும், யோசித்துப் பாருங்கள். இதைப் புகைப்படம் எடுத்து மேலிடத்துக்கு அனுப்புகிறேன். திட்டத்தை இன்னும் ஒரு வருடம் நீட்டிப்பார்கள்."

"நீட்டிக்க வேண்டாமுங்க. எடுத்துருங்க. ஐநூறு காய் தாரேன்னு ஒருத்தருக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

"எடுக்கலாமே. விதி மிகச் சுலபம். வறட்சிப் பகுதியில் அலுவலர் முன்னிலையில், பதினைந்து நிமிடத்தில் இருபது பூச்சிகள் பூவுக்கு வந்தால் அன்றே வறட்சி நீங்கியதாக அறிவிக்கலாம்."

"பதினொன்றரைக்குங்களா?"

"நான் வரும் நேரத்தில்."

சென்றாயன் எழுந்தார். மாதேஸ்வரன் வாசல்வரை வந்து வழியனுப்பினார். "மனம் தளராதீர்கள். நாங்கள் இருக்கிறோம்" என்று தோளைத் தட்டினார்.

பஸ் நிலையத்துக்குப் போகும் வழியில் சிராஜுதீன் கடை. ஒளிந்து போக முடியாத தெரு.

"அண்ணே, காயெல்லாம் எப்படி? பட்டறைக்காரங்க இப்பவே கேக்க ஆரம்பிச்சுட்டாங்க."

"வந்துரும் பாய்."

"குரலு சரியில்லையே. வரலைன்னா இப்பவே சொல்லுங்க, நான் வேற பக்கம் பார்த்துக்கறேன். கோவிச்சுக்க மாட்டேன். பூஜை அன்னிக்குக் காலைல கை விரிச்சாத்தான் கோவம் வரும்."

"பத்து நாள் குடுங்க பாய்."

"பத்து நாள். பதினோராம் நாள் ஆத்தூர் பக்கம் ஆள் அனுப்பிருவேன்."

கொடியில் பூப்பது இன்னும் இரண்டு மூன்று வாரம்தான். அதிலும் கடைசியில் பிடிக்கும் காய் பூஜைக்கு முற்றாது. பஸ் எழுபது வளைவும் ஏறி முடிக்கும்வரை சென்றாயன் அதையே மாற்றி மாற்றிக் கணக்குப் போட்டார். எப்படிப் போட்டாலும் அதேதான் வந்தது.

இரண்டு நாள் கழித்து மழை. இரவெல்லாம் பெய்து காலையில் விட்டது. பள்ளத்துக்கு இறங்கும் தடம் சேறாகி வழுக்கியது. பதினொன்றரைக்கு ஜீப் வந்து ரோட்டில் நின்றது. மாதேஸ்வரன் புதுச் செருப்பு போட்டிருந்தார். தடத்தைப் பார்த்தார். செருப்பைப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி, ரோட்டோரக் கேழ்வரகுக் காட்டைப் பார்த்தார்.

மழை விட்ட வெயிலில் நாலு வரிசைக் கடுகும் மஞ்சளாகப் பூத்து நின்றது. கடுகுப் பூ பூசணிப் பூவைப்போல அவசரப்படாது. பத்து மணிக்கு மேல் வெயில் ஏறினால்தான் அதில் தேன் ஊறும். நண்பகல் வரை தேனீக்கள் அதைவிட்டு நகராது. அன்று மழை விடும்வரை கிடந்த பட்டினிக்கும் சேர்த்து வந்திருந்தன. வரப்பே இரைந்துகொண்டிருந்தது.

மாதேஸ்வரன் மெதுவாக நெருங்கினார். "சென்றாயன். மஞ்சள் பூ. இதுதானே?"

சென்றாயன் வாயைத் திறந்தார். அவருக்குத் தெரிந்த ஒரே பதில் நாக்கு நுனியில் நின்றது.

கேழ்வரகுக்குள் களை பிடுங்கிக்கொண்டிருந்த கண்ணாயி நிமிர்ந்தாள். "ஆமாங்க, இதேதானுங்க. பூசணி."

சென்றாயன் வாயை மூடினார்.

"முன்பு கீழே அல்லவா இருந்தது?"

"கொடிதானுங்களே. ஏறி வந்துருச்சுங்க."

மாதேஸ்வரன் யோசித்தார். கொடி ஏறும் என்பது அவருக்கும் தெரியும். விரலால் ஒரு கடுகுச் செடியைத் தொட்டார். அது முழங்கையளவு உயரத்தில், சுண்டு விரல் கனத்தில் ஆடியது. "இந்தத் தண்டு காயைத் தாங்குமா?"

"முட்டுக் குடுப்பமுங்க" என்றாள் கண்ணாயி.

ஜீப்பிலிருந்து தோழர்கள் இறங்கி வந்தார்கள். அவர்களில் ஓய்வுபெற்ற தபால்காரர் மட்டும் செடியை உற்றுப் பார்த்தார். அவர் வீட்டிலும் சமையல் நடப்பதுதான். அவர் எதையோ சொல்ல வந்து, மாதேஸ்வரன் படிவத்தை எடுத்து எழுதத் தொடங்கியதைப் பார்த்து, விட்டுவிட்டார். ராசு விசிலை வாயில் வைத்தபடி அக்காவைப் பார்த்தான். அக்கா அவனைப் பார்த்தாள். விசில் கீழே இறங்கியது.

இருபது பூச்சிகள் வர ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பதினைந்து நிமிட முடிவில் நூற்று நாற்பத்து மூன்று. மாதேஸ்வரன் தோழர்கள் பக்கம் திரும்பினார்.

"தோழர்களே, இரண்டு வாரத்துக்கு முன்னால் இங்கே பூஜ்ஜியம். இன்று நூற்று நாற்பத்து மூன்று. இது தூரிகையின் வெற்றி. பூச்சிகள் நம்மைப் பார்த்துக் கற்றுக்கொண்டு திரும்பி வந்திருக்கின்றன."

எல்லாரும் கைதட்டினார்கள். தேனீக்கள் கொஞ்சம் விலகிப்போய்த் திரும்பி வந்தன.

வறட்சி நீங்கியது என்று எழுதியதும் அதற்கான மற்ற வேலைகள் வரிசையாக நடந்தன. வறட்சி இல்லாத இடத்தில் உறை இருக்கக் கூடாது. ஆகவே உறைகள் அனைத்தையும் எண்ணிக் கிடங்கில் ஒப்படைக்க வேண்டும். வெற்றி கிடைத்த இடத்தில்தான் பலகை இருக்க வேண்டும். ஆகவே பலகையும் கயிறும் காவலரும் பள்ளத்திலிருந்து மேட்டுக்கு மாற்றப்பட்டார்கள். ராசு அன்று மாலைக்குள் நானூற்றுப் பன்னிரண்டு உறைகளையும் அவிழ்த்துக் கட்டி ஜீப்பில் ஏற்றினான். மறுநாளிலிருந்து கடுகுக்குக் காவல். பக்கத்திலேயே டீக்கடை.

"எனக்கென்ன அக்கா. காக்கறதுக்கு எந்தச் செடியா இருந்தா என்ன" என்றான்.

படிவத்தின் கீழே பயனாளி கையெழுத்துக்கு ஓர் இடம் இருந்தது. சென்றாயன் பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். 'மேற்கண்ட பூசணிப் பூவில்' என்று எழுதியிருந்ததை இரண்டு முறை படித்தார். பிறகு போட்டார்.

மறுநாள் ஆறு மணிக்குப் பள்ளத்தில் அவர் மட்டும் நின்றார். கயிறு இல்லை. பெண் பூக்கள் முப்பதும் வெளிச்சத்தில் விரிந்திருந்தன. ஒரு தேனீ ஆண் பூவிலிருந்து எழுந்து, நேற்றுவரை காகிதம் இருந்த இடத்தைச் சந்தேகத்தோடு ஒரு சுற்றுச் சுற்றி, உள்ளே இறங்கியது. பெண் பூவின் நடுவில் மூன்று மடல்களாக ஒரு பிசுபிசுப்பான மேடு இருக்கும். தேனீ அதைச் சுற்றித்தான் தேனுக்குப் போக வேண்டும். போகும்போது உடம்பில் ஒட்டிய தூள் அதில் பதியும். ஒவ்வொரு தூளுக்கும் ஒரு விதை. விதை நிறையப் பிடித்தால் காய் உருண்டு வரும். குறைவாகப் பிடித்தால் கோணும். அந்த மேட்டில் மஞ்சள் பூசியதைக் கண்ணால் பார்த்துவிட்டு, சென்றாயன் வரப்பில் உட்கார்ந்தார். பதினைந்து நாளில் முதல் முறையாக உட்கார்ந்தார்.

ஆனால் அமைதி வரவில்லை. காய் பிடிக்கப் பிடிக்க வேறொரு தவிப்புப் பிடித்துக்கொண்டது.

"பொய்க் கையெழுத்துப் போட்டுட்டேன்."

"பொய் சொன்னது நானு. நீங்க சும்மாதானே நின்னீங்க" என்றாள் கண்ணாயி.

"அவங்க காய் பார்க்க வருவாங்கல்ல. கடுகுல என்னத்தக் காட்டுறது?"

"வரட்டும். அன்னிக்குப் பார்த்துக்கலாம்."

"முட்டுக் குடுப்பமுன்னு வேற சொல்லியிருக்கற."

கண்ணாயி சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. கெடு வாங்கிய பத்தாம் நாள் சிராஜுதீனுக்குச் சொல்லியனுப்பினார்: ஐநூறு வராது, முன்னூறுக்கு மேல் நிச்சயம். இரண்டு வாரப் பூ காகிதத்துக்குள்ளேயே போயிருந்தது. அதைத் திரும்பக் கொண்டுவர எந்தப் படிவமும் இல்லை.

ஆயுத பூஜைக்கு மூன்று நாள் முன்பு அறுவடை. பள்ளத்துக்கு லாரி இறங்காது. ஆகவே காய்களைத் தலைச்சுமையாக மேலே கொண்டுவந்து, ரோட்டோரம், கடுகு பிடுங்கிய வரப்பில் குவித்தார்கள். கடைசியில் எண்ணியபோது முன்னூற்று நாற்பது. சாம்பல் பூத்த பெரிய பெரிய காய்கள். அங்கங்கே பிடுங்காமல் விட்ட கடுகுச் செடிகள் அவற்றுக்கு நடுவே நீட்டிக்கொண்டு நின்றன. சிராஜுதீன் லாரியோடு வந்து ஒவ்வொரு காயாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது ஜீப் வந்தது. மணி பதினொன்றரை.

மாதேஸ்வரன் இறங்கினார். பின்னால் புகைப்படக்காரர், தோழர்கள், எட்டுக்கால் உடுப்பில் மணிவண்ணன். பச்சைப் பலகை. அதன் கீழே கடுகுச் செடிகள். அவற்றைச் சுற்றி முன்னூற்று நாற்பது பூசணிக்காய்கள்.



"முட்டுக் கொடுத்தீர்களா?" என்று மாதேஸ்வரன் கேட்டார்.

"குடுத்தமுங்க" என்றாள் கண்ணாயி.

அவர் ஒரு காயின் மேல் கை வைத்தார். இன்னொரு கையால் பக்கத்திலிருந்த கடுகுச் செடியைப் பிடித்தார். புகைப்படம் எடுக்கப்பட்டது. பிறகு பேசினார். "இவ்வளவு சிறிய செடி. இவ்வளவு பெரிய காய். எப்படி வந்தது? மகரந்தம். நான் முப்பது வருடம் அலுவலகத்தில் இருந்திருக்கிறேன். இயற்கையை ஒருவன் புரிந்துகொள்ள வேண்டுமானால் வயலுக்கு வர வேண்டும். மேசையில் உட்கார்ந்துகொண்டு புரிந்துகொள்ள முடியாது."

சென்றாயனால் அதற்கு மேல் நிற்க முடியவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"ஐயா, இது கடுகுங்க."

"என்ன?"

"இந்தச் செடி கடுகுங்க. காயி கீழப் பள்ளத்துல வெளைஞ்சுதுங்க. இன்னிக்குக் காத்தாலதான் தூக்கியாந்து இங்க வெச்சோம். அன்னிக்கு நீங்க எண்ணுனதும் கடுகுப் பூவுங்க. நான் தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட்டேன். தப்புங்க."

கண்ணாயி தலையில் கை வைத்துக்கொண்டாள். சிராஜுதீன் தட்டிக்கொண்டிருந்த காயிலிருந்து கையை எடுத்தார். ராசு விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டான்.

மாதேஸ்வரன் செடியைப் பார்த்தார். காயைப் பார்த்தார். சென்றாயனைப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது. குறிப்பேட்டைத் திறந்து, எழுதிக்கொண்டே உரக்கப் படித்தார்: "இம்மலைவாழ் மக்கள் பூசணிச் செடியைக் 'கடுகு' என்ற வட்டாரப் பெயரால் அழைக்கின்றனர்."

"இல்லீங்க ஐயா—"

"வெட்கப்படாதீர்கள், சென்றாயன். இந்த மாதிரி உள்ளூர் அறிவைத்தான் நாங்கள் சேகரிக்கிறோம். வேறு என்னவெல்லாம் சொல்வீர்கள் இதை?"

சென்றாயன் அந்தக் குறிப்பேட்டைப் பார்த்தார். சுற்றியிருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். தபால்காரர் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிராஜுதீன்தான் பேசினார். "அண்ணே, லோடு ஏத்தட்டுமா? எங்கடையில கடுகு மூட்டை மூட்டையா கெடக்குது. இவ்ளோ காய்க்கும்னு தெரிஞ்சிருந்தா நானே போட்டிருப்பேன். உங்ககிட்ட வந்து தொங்கியிருக்க மாட்டேன்."

லோடு ஏறியது. மாதேஸ்வரன் தன் ஜீப்புக்கென்று ஒரு காயைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பூஜை அன்று மையத்தின் வாசலில் அது உடைந்தது. உள்ளே விதை அடர்ந்திருந்தது. ஒவ்வொரு விதையும் ஆறரை மணிக்கு வந்தது. மறுநாள் காலை பெருக்குபவர் அதைக் கூட்டி அள்ளினார். அப்போது மணி பத்து ஆகவில்லை, அதனால் அலுவலகத்தில் யாரும் பார்க்கவில்லை.

சிராஜுதீன் அடுத்த வருடத்துக்கும் ஐநூறு சொல்லிவிட்டுப் போனார். கண்ணாயி மரவள்ளிப் பேச்சை எடுக்கவில்லை. மையத்தின் கோப்பில் சென்றாயனின் பூசணி நிலம் என்பது ரோட்டோர வரப்பு. பள்ளத்து ஒரு ஏக்கர் எந்தக் கோப்பிலும் இல்லை. அடுத்த ஆனியில் அவர் அங்கேதான் பூசணி விதையை ஊன்றினார்.

அதே வாரம் ராசு ஒரு பொட்டலம் கொண்டுவந்தான். மையம் அரியூர் நாட்டு விவசாயிகள் எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்தது. மேலே சென்ற வருடம் எடுத்த புகைப்படம். கீழே: 'கொல்லிமலை வெற்றிப் பூசணி, மேம்படுத்தப்பட்ட விதை. விதைத்தபின் முட்டுக் கொடுக்கவும்.'

கண்ணாயி பிரித்து உள்ளங்கையில் கொட்டினாள். சின்னச் சின்னக் கறுப்பு உருண்டைகள்.

"நல்ல வெதைங்க. கல்லு மண்ணு இல்லாம இருக்குது" என்றாள்.

அடுப்பில் எண்ணெய் காய்ந்திருந்தது. அப்படியே கவிழ்த்தாள். வெற்றிப் பூசணி படபடவென்று வெடித்தது.